எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட் அடித்த காலை

அன்று காரில் இருந்தது மூன்று பேர். நான் ஓட்டினேன். பக்கத்தில் நைனா, என் அப்பா. பின்சீட்டில், ஹால்டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, என் தங்கச்சி. அம்மா வரவில்லை. நடவுக்கு ஆள் சொல்லியிருந்ததால் ஊரிலேயே நின்றுவிட்டார். போன மார்கழியில், ஆந்திராவில் விஜயபுரம் பக்கமுள்ள எங்கள் ஊரிலிருந்து திருப்பதிக்குப் புறப்பட்டோம்.

தங்கச்சிக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான், இரண்டாவது அவள். தேர்வு மையம் திருப்பதிக்கு வெளியே ஒரு கல்லூரியில். ஏழரைக்கு கேட்டைச் சாத்தினால் யார் அழுதாலும் திறக்க மாட்டார்கள். முதல் பஸ்ஸை நம்பினால் ஆகாது என்று இருட்டோடு கிளம்பினோம்.

அந்தக் காரைத் திருத்தணியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தோம். தமிழ்நாட்டு நம்பர். ஆந்திர நம்பராக மாற்ற அங்கிருந்து ஒரு பேப்பர் வர வேண்டும். எழுதிப் போட்டும் வரவில்லை. அதனால் எங்கே செக்கிங் என்றாலும் வேறு ரோட்டைப் பிடித்துவிடுவேன்.

ஹெட்லைட் வேறு மங்கல். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு திருப்பதியில் ஒரு கடைக்குப் போய் எல்.இ.டி. பல்பு கேட்டேன். கடைக்காரர் குனிந்து விளக்கைப் பார்த்தார். பல்பு உட்காரும் கண்ணாடிக் கூட்டை இங்கே டூம் என்பார்கள்.

"தம்முடு, இந்த டூமு மஞ்ச பல்புக்குன்னு செஞ்சது. இதுல எல்.இ.டி. போட்டா வெளிச்சம் செதறிப்பூடும். அதான் வேணும்னா லென்ஸ் வெச்ச டூமோட செட்டா மாத்து. இல்லியா, இதே வாட்ஸ்ல நல்ல ஹாலஜன் போட்டுக்க."

டூம் செட்டின் விலையைக் கேட்டேன். பல்பைப் போல ஐந்து மடங்கு சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது: விலை கூடின சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறார். அப்படியானால் மலிவான ஹாலஜனை ஏன் சொன்னார்? விற்காமல் கிடக்கிற பழைய சரக்காக இருக்கும். இரண்டுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது என்று நைனாவை உரக்கடையிலும் மண்டியிலும் ஏமாற்றியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். யார் எதைச் சொன்னாலும், இதில் இவனுக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

வேறு கடையில் எல்.இ.டி. வாங்கினேன். கச்சிதமாக மாட்டியது. மாட்டினால் பொருந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊரில் போட்டுக் காட்டியபோது தெருவே வெள்ளை வெளேர் என்று ஆனது. நைனா மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வேப்பமரத்து உச்சில காக்கா கூடு தெரியுது. ரோட்ல பள்ளம் எதுனா தெரியுதான்னு பாத்துக்க" என்றார். வழக்கமான கிண்டல் என்று விட்டுவிட்டேன்.

புத்தூர் தாண்டியதும் சாலை வேலை நடக்கிற இடத்தில் போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாம் ஒரே பாதையில் வந்தன. எதிரே வந்த லாரி லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டியது. அடுத்து ஒரு வேன். அதன் பின்னால் பஸ். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: முன்னால் செக்கிங் நடந்தால், எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"செக்கிங் கீது நைனா. எல்லாரும் சொல்லிக்கினு போறாங்க பாரு."

"இத்தினி பேரா சொல்லுவாங்க?"

நான் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கி நன்றி சொன்னேன். யாரையும் நம்பாத நான், அன்று அவர்கள் அத்தனை பேரையும் நம்பினேன்.

தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்து ஓரம் கட்டினால் தங்கச்சியின் தேர்வு போச்சு. வடமாலபேட்டைக்கு முன்பே இடது பக்கம் ஒரு கிராமச் சாலையில் வண்டியைத் திருப்பினேன். அது வளைந்து போய் மறுபடி மெயின் ரோட்டில் ஏறும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு பக்கமும் வயல். மரங்களின் தலையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கீழே சாலை சரியாகத் தெரியவில்லை.

எதிரே ஒரு பைக் வந்தது. கிட்டே வந்ததும் தடுமாறி, சட்டென்று வயலுக்குள் இறங்கிச் சாய்ந்தது. பால் கேன் உருளும் சத்தம் கேட்டது. பிரேக் அடித்து நிறுத்தினேன்.

கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து பூட்டினேன். ஆள் இல்லாத ரோட்டில் வேண்டுமென்றே விழுந்து காசு பிடுங்குகிறார்கள் என்று போனில் எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன்.

"ண்ணா, ஆளு உழுந்து கெடக்கறாரு. நீ கதவப் பூட்டிக்கினு கீறியே" என்று சொல்லிவிட்டு, தங்கச்சி தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினாள். நைனாவும் இறங்கினார்.

அந்த ஆள் முழங்கால் வரை சேற்றோடு எழுந்து வந்தார். முழங்கையில் ரத்தம். இன்னொரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"மொதல்ல அத்த அமத்துய்யா. கண்ணு இருட்டிக்கினு வருது."

அணைத்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். தங்கச்சி தேர்வைச் சொன்னாள்.

"இந்த ரோட்லயா? முன்னால பாலம் அறுத்துக்கினு போயி ரெண்டு மாசம் ஆச்சி. நானே அதுக்கு இந்தப் பக்கம் கீற வூடுங்கள்ல பால் கறந்துக்கினு வரேன். வண்டியத் திருப்பு. எங்க ஊரு வழியா வந்தா வடமாலபேட்டை தாண்டி மெயின் ரோட்ல வுட்டுடறேன்."

அவர் ஊருக்குள் கூட்டிப்போய், ஆளைச் சேர்த்து நிறுத்தி வைத்துக் காசு கேட்கத்தான் இந்தப் பேச்சு என்று எனக்குத் தோன்றியது. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, பாலத்தை நானே பார்க்க நடந்தேன். பின்னால் தங்கச்சி, "எனக்குப் பரிச்ச, இவுருக்கு இன்ஸ்பெக்சன்" என்று பல்லைக் கடித்தது கேட்டது. வளைவைத் தாண்டியதும் தார் ரோடு கத்தியால் வெட்டினது போல முடிந்திருந்தது. தடுப்பு எதுவும் இல்லை. கீழே தண்ணீர் ஓடும் சத்தம். டார்ச்சைத் தரையை விட்டு எடுக்காமல் திரும்பி வந்தேன்.

நைனாவும் அவரும் பைக்கைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"சின்ன லைட்டு மட்டும் போட்டுக்கினு என் பின்னாலயே வா. பெருசு எரிஞ்சா என் கண்ணாடில பட்டு நான் இன்னொரு வாட்டி உழணும்" என்றார்.

அவருடைய சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போனேன். ஊருக்குள் ஓர் இடத்தில் நிறுத்தினார். பால் சங்கத்துக்குப் பால் ஊற்றும் இடம். ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர் எங்கள் காரைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். ஒருவர் வந்து தட்டினார். கொஞ்சமாக இறக்கினேன்.

"பரிச்ச பொண்ணு எங்க? நல்லா எழுதும்மா" என்று பின்சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வழியில் நின்ற மாட்டை ஓட்டிவிட்டார்.

மிச்சப் பாலை ஊற்றிவிட்டு அவர் மறுபடி முன்னால் போனார். மெயின் ரோட்டில் கை காட்டிவிட்டுத் திரும்பினார். லேசாக விடிந்திருந்தது. சின்ன லைட்டோடுதான் ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் தங்கச்சி கேட்டாள்: "இப்ப ஒருத்தரும் லைட் அடிக்கலியே ண்ணா. செக்கிங்கு டீ குடிக்கப் பூட்ச்சா?"

நைனா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் எச்சரித்தது போலீஸைப் பற்றி அல்ல, திட்டியது என்னை. திருப்பதி வரை ஒரு செக்கிங்கும் இல்லை. கேட்டைச் சாத்த வாட்ச்மேன் கை வைத்தபோது தங்கச்சி உள்ளே ஓடினாள்.

அவள் எழுதி முடிப்பதற்குள், முதலில் எல்.இ.டி. கேட்ட கடைக்கே போய் ஹாலஜன் போட்டேன். கடைக்காரர் சுவரில் அடித்துக் காட்டினார். மஞ்சள் வெளிச்சம் ஒரு கோட்டுக்குக் கீழேயே நின்றது. முன்பு கேட்காத காரணத்தை இப்போது கேட்டேன். ஹாலஜனில் இழை எரிகிற இடத்தைக் கணக்கு வைத்துத்தான் டூமின் உள்வளைவு செய்யப்பட்டதாம். வெளிச்சம் கிளம்பும் இடம் கொஞ்சம் மாறினாலும் அது எதிரே வருகிறவன் கண்ணுக்குப் போய்விடுமாம்.

திரும்பும் வழியில் அந்த ஊருக்குப் போய் பால்காரரைத் தேடினோம். கொட்டின பாலுக்கு மட்டும் காசு சொன்னார், சங்கத்து விலையில். கைக்கு மருந்துக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நைனா கெஞ்சினார்.

"கைக்கு இன்னும் சங்கத்துல ரேட்டு வெக்கல, பெரியவரே" என்று சொல்லிவிட்டு, பரீட்சை எப்படி எழுதினாய் என்று தங்கச்சியிடம் கேட்டார்.

அவளுக்கு சீட் கிடைத்தது. இப்போது முதல் வருஷம் படிக்கிறாள். சந்தேகப்படுவதை நான் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். இப்போதெல்லாம் அதை என்னிடமிருந்து ஆரம்பிக்கிறேன், அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ள எல்.இ.டி., ஹாலஜன், கொட்டின பால் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.