பத்து மணிக்கு இருக்கு

பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், குடை ரிப்பேர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் ஒற்றை அறைக் கடை அவளுடையது. இரண்டு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி. அந்த விசிறியும் காகிதம் பறக்கும் என்பதால் அவளுக்குக் காற்று கொடுத்ததே கிடையாது. தெருவுக்கே அவள் ஜெராக்ஸ் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் நின்ற காலில் நின்று வேலை செய்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யார் வந்து கெஞ்சினாலும் ஷட்டர் ஏறாது. அன்றைக்கு அவள் புருஷனோடு ஏரிக்குப் போவாள்.

சிரிக்காதீர்கள். தெருவே சிரித்து முடித்துவிட்டது. "கொக்கு ஜோடி கிளம்பியாச்சு" என்று பல் டாக்டரே கிண்டல் செய்வார். ஆரம்பித்து வைத்தது என்னவோ சர்க்கரை வியாதிதான். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவரை டாக்டர் தினம் நடக்கச் சொன்னார். "முப்பது வருஷமா ரோட்டைத்தான் பாத்துட்டிருக்கேன். காலால வேற அதை மிதிக்கணுமா?" என்று அவர் முறுக்கிக்கொண்டார். ரோடு வேண்டாமென்றால் ஊருக்கு வெளியே ஏரிக்கரை இருக்கிறது, குளத்தங்கரை இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனவள் இவள். போன இடத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன பறவைப் புத்தகம் ஒன்று பெஞ்சில் கிடந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், பதினோரு வருஷமாகத் தெளியவில்லை. அதுவரை காக்காவையும் கோழியையும் தவிர எதையும் அறியாதவள், முக்குளிப்பானையும் நாமக்கோழியையும் தண்ணீரில் விழும் நிழலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கடையில் பாழான காகிதங்களின் பின்பக்கம் முழுக்கப் பறவைக் கணக்குதான்.

ஏரியில் அவர்களுக்கு ஒரு பாஷை உண்டு. கை நீட்டிக் காட்டினால் பறவை பறந்துவிடும், அதனால் கடிகாரக் கணக்கு. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூன்று, இடது கைப்பக்கம் ஒன்பது. "ரெண்டு மணிக்கு இருக்கு" என்று அவர் முணுமுணுத்தால் இவள் பைனாகுலரை அங்கே திருப்புவாள். முதல் வருஷம் பாதி நாள் எதிர்ப்பக்கம் திருப்பி வசை வாங்கினாள். "கடிகாரமே பாக்கத் தெரியாதவளைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன் பாரு" என்பார். "உங்களைக் கட்டிக்கிட்டப்ப எனக்கு எதுவுமே சரியாப் பாக்கத் தெரியல" என்று இவளும் விடமாட்டாள்.

இரண்டு வருஷமாக அவருக்கு மறதி. முதலில் சாவி, பிறகு தெருப் பெயர், பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது. டாக்டர் மண்டையின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி ஏதேதோ சொன்னார். இவளுக்குப் புரிந்தது ஒன்றுதான், இது திரும்பி வராது. சில காலைகளில் அவர் நாலு மணிக்கே எழுந்து யூனிபார்ம் தேடுவார். "பத்து மணி வண்டி என்னோடதுடி, லேட்டானா சீட்டைக் கிழிச்சிடுவாங்க." அந்தப் பத்து மணி வண்டி நின்றே ஏழு வருஷம் ஆகிறது.

ஏரிக்குப் போனால் மட்டும் பழைய மனுஷன். பேர் பேராகச் சொல்வார். வெளியூரில் இருக்கிற மகன் போனில் கத்தினான். "அம்மா, தண்ணிப் பக்கம் அவரைக் கூட்டிட்டுப் போறது நல்லாவா இருக்கு? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. அங்க போனாத்தான்டா உங்கப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு" என்றாள். அவளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தரம் அவர் வாயால் தன் பேரைக் கேட்க வேண்டும்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஏரிக் காவலாளியின் ஷெட்டுக்குப் பின்னால்தான் கழிப்பறை. "இங்கேயே இருங்க, எங்கேயும் நகரக் கூடாது. அஞ்சே நிமிஷம்" என்று நாலு தரம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் பெஞ்சில் பை இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இருக்கிறது, ஆளைக் காணோம். போனைப் போட்டாள். நல்ல வேளை, எடுத்தார்.

"என்னங்க, எங்க போனீங்க?"

"ஏய், நீ எங்கடி போன?" அவள் பேரையும் சேர்த்துச் சொன்னார். குரல் ரகசியம் போலத் தணிந்திருந்தது. "பத்து மணிக்கு இருக்கு. சீக்கிரம் வா. சத்தம் போடாம வா." போன் நின்றுபோனது. திருப்பிப் போட்டால் அணைந்து கிடந்தது.

பத்து மணிக்கு இருக்கு! காலங்காலையில் நாலு மணிக்குக் கேட்கிற அதே பாட்டு. பஸ்தான், வேறென்ன? மனுஷன் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். பையைக் கூட எடுக்காமல் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். ஒரு மைலுக்குக் குறையாது. செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் பூட்டிய கடை ஒன்றும் படுத்திருந்த நாய் ஒன்றும்தான். போகிற வருகிற வண்டியை எல்லாம் மறித்து, "வெள்ளைச் சட்டை, கழுத்துல பைனாகுலர், ஒருத்தரைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். ஒரு லாரிக்காரர், அப்படி ஒருத்தர் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி இருந்தது என்றார். அங்கேயும் ஓடினாள். நின்றவர் வேறு யாரோ.

மகன் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும், "நான்தான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று ஆரம்பித்தான்.

"என்னை அப்புறமாக் கொல்லுடா. இப்ப விடு" என்று அழுதாள். "பத்து மணிக்கு இருக்குன்னாருடா. சத்தம் போடாம வான்னாரு. பஸ் ஸ்டாப்பெல்லாம் பாத்துட்டேன், ஆளே இல்ல."

"பஸ் ஸ்டாப்புக்கு வர்றதுக்கு எதுக்கும்மா சத்தம் போடாம வரணும்?" என்றான் மகன்.

நடுரோட்டில் நின்றுவிட்டாள். தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்கா சத்தம் போடாமல் வரச் சொல்வார்? பறவை! பதினோரு வருஷம் பேசிய பாஷை, அந்த ஒரு நாள் பார்த்துக் காதில் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து மணி என்பது இடது கரையோரம், கோரைப்புல் மண்டிக் கிடக்கும் சேறு. மேய வந்த மாடு ஒன்று போன மாதம் அங்கேதான் இறங்கி, பிறகு வெளியே வரவேயில்லை.

அவள் திரும்பி ஓடியதைச் சொல்லி மாளாது. ஷெட்டின் முன்னால் விழுந்து, எழுந்து, காவலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஒரு நீளப் பலகையையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வெயில் அடங்கிக்கொண்டிருந்தது.

அங்கேதான் இருந்தார். இடுப்புவரை சேறும் தண்ணீரும். ஒரு கையால் கோரையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. உயிரோடு இருக்கிறார், அது போதும், அது போதும். காவலாளி பலகையைச் சேற்றின் மேல் போட்டார். இவள் அதன் மேல் தவழ்ந்து போய்க் கையை நீட்டினாள்.

"வாங்க, என் கையைப் பிடிங்க."

அவர் அவளைப் பார்த்தார். பஸ்ஸில் ஏறுகிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தார். நீட்டிய கையைத் தொடவில்லை.

"வேணாம் தங்கச்சி. என் வீட்டுக்காரி வந்துடுவா. அவளுக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சு."

தங்கச்சி! அவரோடு முப்பத்து நாலு வருஷம் வாழ்ந்தவள் அவள். "நான்தாங்க! என்னை நல்லாப் பாருங்க!" என்று கத்தினாள். அவர் மிரண்டு ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். சேறு மார்புக்கு ஏறியது.

"இழுத்துடாதீங்கம்மா" என்றார் காவலாளி மெதுவாக. "திமிறினாருன்னா இன்னும் உள்ள போயிடுவாரு. அவராக் கையைக் குடுக்கணும்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போனில் அவள் பேரைச் சொன்ன வாய் அது. அப்போதே நேராக இங்கே வந்திருந்தால் அந்தக் கண்ணுக்கு அவள் அவளாகவே இருந்திருப்பாள். தன் கையாலேயே அந்த ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டாள் பாவி. பலகையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு நொடி கிடந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். எந்தப் பெண்ணுக்குத்தான் கட்டினவனைப் பார்த்து அந்த வார்த்தை வரும்?

"அண்ணே" என்றாள். "அண்ணிதான் என்னை அனுப்பினாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அவளா? ஏன், அவ வரலையா?"

"கால் வலிங்கண்ணே. நடக்க முடியல. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"கோவமா இருக்காளா?"

"இல்லண்ணே. கோவமே இல்ல. கையைக் குடுங்கண்ணே."

கொடுத்தார். காவலாளி கயிற்றை அவர் அக்குளில் கோத்து இழுக்க, இவள் கையைப் பிடித்து இழுக்க, அரை மணி நேரம் போராடிக் கரை சேர்த்தார்கள். அந்த ஜோடியைப் பதினோரு வருஷமாகப் பார்த்தவர் காவலாளி. அவர் காதிலும் அந்த 'அண்ணே' விழத்தான் செய்தது. அவர் ஷெட்டிலிருந்து போர்வை எடுத்து வரப் போய்விட்டார்.

ஆட்டோ வரும்வரை பெஞ்சில் உட்கார வைத்து அவர் காலில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரே கூச்சம். காலை இழுத்து இழுத்துக்கொண்டார்.

"எதுக்கும்மா இதெல்லாம் நீ செய்யற? இருட்டப் போகுது பாரு. உன் வீட்டுக்காரர் உன்னைத் தேட மாட்டாரா?"

"மாட்டாருண்ணே" என்றாள் அவள்.