எந்த பிளாக்கம்மா நீங்க?

ஜெர்மனிக்கு வந்த முதல் பனிக்காலத்தில், இந்த ஊர்ப் பொது நூலகத்தின் வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே போனேன். புத்தகம் இருக்கும் இடத்துக்குள் காலணியோடு போக மனசு வரவில்லை. பிபிலியோதேக் என்று பெரிதாக எழுதிய கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்த பெண்மணி என் காலைப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டார். புரியாமலே "யா, யா" என்று தலையாட்டினேன். அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போய், என் ஷூக்களைக் கையில் தூக்கிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் காயவைத்தார். ஷூ நனைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். என் செருப்பை இன்னொருவர் கையால் தூக்குவதா? எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அடுத்து அவர் கேட்கப்போகும் கேள்விக்கு பயந்துகொண்டே நின்றேன். அவர் கேட்கவே இல்லை.

அது என்ன கேள்வி என்று நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். "எந்த பிளாக்?" நிலக்கரி நிறுவனம் ஊழியர்களுக்குக் கட்டிய நகரியத்தில் பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். பிளாக் எண்ணைச் சொன்னால் போதும். அப்பாவுக்கு என்ன வேலை, பெர்மனென்ட்டா கான்ட்ராக்டா, குவார்ட்டர்ஸில் எத்தனை அறை என்பதையெல்லாம் கேட்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். இதை வாசிக்கும் ஊர்க்காரர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்களுக்கு பிளாக் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அந்த நிலம் சுரங்கமானதும் அப்பா அதே சுரங்கத்துக்குள் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார். நகரியத்துக்கு வெளியேதான் வீடு. நான் நர்சிங் முடித்து, விழுந்து விழுந்து ஜெர்மன் படித்து வந்துசேர்ந்த இந்த ஊரிலும் பழுப்பு நிலக்கரிதான் வெட்டுகிறார்கள். நிலக்கரி என்னை விடுவதாக இல்லை.

இங்கே நூலகத்தின் நடுவில் ஒரு நீண்ட மேசை இருக்கிறது. சுரங்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு கிழவர் அதில் பேப்பர் படிப்பார். எதிரே சிரியாவிலிருந்து வந்த ஒரு தாய், குழந்தைக்குப் படப்புத்தகம் காட்டுவாள். குளிருக்கு ஒதுங்கிய, வீடில்லாத ஒருவர் கோடியில் தலை சாய்த்துத் தூங்குவார். இவர்களுக்கு ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். குழந்தை கத்தினால் கிழவர் முகம் சுளிப்பார். ஆனால் அது ஒருநாள் வராவிட்டால் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் அவர்தான். கருணை, சமூக நீதி என்று மேடையில் முழங்குவதெல்லாம் இப்படி ஒரே மேசையில் உட்கார வைத்தால்தான் நடக்கும் என்பது என் கட்சி. யாரோடும் சண்டை போட்டு இதைச் சொல்வேன்.

போன விடுமுறையில் ஊரில் அந்தச் சண்டையையும் போட்டேன். என் தங்கை கவிதா குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை தேறாவிட்டால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று அவள் மாமியார் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒற்றை அறை வீடு. காது மந்தமான மாமனார் டிவியை அலறவிடுவார். அரசு நூலகத்துக்கு பஸ் ஏறிப் போனால், பிள்ளைக்குப் பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்ப முடியாது. சைக்கிள் தூரத்தில் இருந்தது ஒன்றுதான்: நகரியத்தில் ஒரு பிளாக்கின் குடியிருப்போர் சேர்ந்து நடத்தும் ‘பொது நூலகம்’. பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வெளியாட்கள் வெராண்டா பெஞ்சில் பேப்பர் படிக்கலாம். உள்ளே இருக்கும் மேசையும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு மட்டும். கவிதா பல மாதங்களாக அந்த பெஞ்சில்தான், பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறாள்.

நான் கேட்கிறேன் வா என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம்க்கா, இருக்கிற பெஞ்சும் போயிடப் போவுது," என்றாள்.

செயலாளர் தெற்கத்திக்காரர், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர்தான். என்னைப் பார்த்ததும், "எந்த பிளாக்கம்மா நீங்க?" என்றார்.

"நான் ஜெர்மனியில இருக்கேன் சார்." வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அடடே, உள்ள வாங்க, உள்ள வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்கம்மா."

"இவ என் தங்கச்சி. இவ உள்ள உக்காந்து படிக்கணும்."

அவர் முகம் மாறியது. "வெராண்டாவுல படிக்கிறவங்கதான, தெரியுமே. ஒருத்தர விட்டா ஊரே வரும்மா. இடம் பத்தாது. ரூல்ஸ் நான் போட்டதில்ல."

உள்ளே இருந்த காலி நாற்காலிகளைக் காட்டினேன். அப்படியென்றால் பலகையில் ‘பொது’ என்பதை அழித்துவிடுங்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கவிதா என் கையைப் பிடித்து இழுத்தாள். செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், "சரிம்மா. ஜெர்மனி மேடத்தோட தங்கச்சின்னு கமிட்டில சொல்லிக்கிடுதேன். பரீட்சை வரைக்கும் உக்காரட்டும்," என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று கவிதாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேணாங்க சார். எம் பேருல குடுக்கிறதா இருந்தா குடுங்க," என்றாள்.

அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவள் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பைத்தியமாடி உனக்கு? கெடச்சத விடலாமா?"

"நீ அடுத்த வாரம் பிளேன் ஏறிப் போயிடுவ. இவங்க கண்ணு முன்னாடி தெனம் உக்காந்துகினு இருக்கப் போறது நானு. உம் பேரச் சொல்லிகினு எத்தினி நாளைக்குக்கா உக்கார்றது? நாளைக்கு நம்மூர்ல இருந்து இன்னொருத்தி வந்து கேட்டா, அவளுக்கும் ஒரு ஜெர்மனி அக்கா இருக்காளா?"

எனக்கு அழுகைதான் வந்தது. "அங்க ஏம்மா நிக்கிறீங்க, நீங்க உள்ள வாங்க," என்று செயலாளர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். பெஞ்சில் கவிதாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் இடத்தில், அவளுடைய பை இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.