நீலச் சட்டைக் கரடி

வியர்வையில் ஊறிக் காயாமல் கிடக்கும் பஞ்சும், அதன்மேல் தடவிய நீலகிரித் தைலமும் கலந்தால் ஒரு வாசனை வரும். என் சிறுவயதில் அப்பாவின் வாசனை அதுதான். சுங்காய் பக்கத்தில் வேலைபார்த்த ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டதும் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்குக் குடிவந்த அப்பாவுக்கு, சுண்ணாம்பு மலையடியில் புதிதாகத் திறந்த கேளிக்கைப் பூங்காவில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்கிறீர்கள்? நீலச் சட்டை போட்ட கரடி வேஷத்துக்குள் புகுந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டும் வேலை.

பள்ளி விடுமுறையை அப்பா "சீசன்" என்பார். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் வந்து ஈப்போவை அடைத்துக்கொள்ளும்; காப்பிக்கடைகளில் உட்கார இடமிருக்காது; அப்பாவுக்கு மட்டும் லீவு கிடையாது. "ஊருக்கெல்லாம் திருநாளு, நம்ம வீட்டுக்கு வெறும் நாளு" என்று அம்மா முணுமுணுப்பார். "ஊரு சனம் சிரிச்சாதான் நம்ம வீட்டுல ஒல கொதிக்கும்லா" என்பார் அப்பா. எனக்கோ ஒரே ஆசை. அம்மா, அப்பா, நான், தம்பி நாலு பேரும் அந்தப் பூங்காவுக்குள் போய், சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தீபாவளி விடுமுறையில் அது கைகூடுவதுபோல் இருந்தது. வேலையாட்களின் குடும்பத்துக்கு இலவச அனுமதி, அப்பாவுக்கும் லீவு. புதுச்சட்டையோடு வாசலுக்குப் போனால், மேலாளர் ஓடி வந்தார். அன்றைக்குக் கரடி வேஷம் போட வேண்டியவருக்குக் காய்ச்சலாம். "அண்ணே, இன்னிக்கு மட்டும்லா, பிளீஸ்." அப்பா எங்களைப் பார்த்தார். "நீங்க உள்ள போங்க, நான் வாரேன்" என்றார். வந்தார், கரடியாக.

வேஷத்துக்குள் இருப்பவர் பேசக் கூடாது, தலையைக் கழற்றக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். கரடியைக் கண்டதும் தம்பி வீறிட்டு அழுதான். "நான்தான்டா" என்று சொல்ல முடியாத அப்பா, அந்தத் தடித்த கையால் அவன் காதுமடலைப் பிடித்து மெல்ல ஆட்டினார், வீட்டில் தினமும் செய்வதுபோல. தம்பி கப்பென்று அடங்கிவிட்டான். கரடியோடு எங்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் உடனே நகரச் சொன்னார்கள். கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றை ஓரமாக உட்கார்ந்து தின்றபடி, அப்பா யார் யார் பிள்ளைகளையோ அணைத்து நிற்பதைப் பார்த்தோம்.

இப்போது நான் பழைய டவுனில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறேன். சீசன் வந்தால் எனக்கும் லீவு இல்லை. சந்துக்கொரு அருங்காட்சியகம், சுவருக்கொரு ஓவியம் என்று இந்த நகரமே விருந்தாளிகளை நம்பித்தான் சோறு தின்கிறது. சிரித்துச் சிரித்து எனக்கு வாய் வலிக்கிறது. அப்பாவுக்காவது அந்தத் தலைக்குள் சிரிக்காமல் இருக்க முடிந்தது. பூங்காவில் கரடியை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதன் தலை பக்கத்துத் தெரு அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. விருந்தாளிகளுக்கு வழி சொல்லி அங்கே அனுப்புகிறவளே நான்தான். போன மாதம் நானும் போய்ப் பார்த்தேன். நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள். கண்ணாடியில் மூக்கை ஒட்டியும் ஒரு வாசனையும் வரவில்லை.

அப்பா போய்ச் சில வருடங்களாகின்றன. நாங்கள் நாலு பேரும் சேர்ந்திருக்கும் படம் அந்த ஒன்றுதான். உயிரோடு இருப்பவர்களும் நிற்கும் படத்துக்கு மாலை போடக் கூடாது என்று அம்மா போடுவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் படச்சட்டத்தைத் துடைத்து, கரடியின் நெற்றியில் மட்டும் சந்தனப் பொட்டு வைக்கிறார்.