பிடுங்க வேண்டாம் என்ற களை

களையைப் பிடுங்கினால் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுவடை வரை இரண்டையும் விட்டுவிடுங்கள் என்கிறது இயேசுவின் உவமை. கல்முனையில் அதைப் பிரசங்கிக்க எனக்குப் பயம். சபையில் பாதிப்பேர் நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர்கள்.

"வேளாண்மை வெட்டுற வரைக்கும் களைய விட்டா நெல்லு மிஞ்சுமா, ஐயா?" என்று ஒரு அக்கா ஒவ்வொரு முறையும் வாசலில் மறிப்பார். எரிச்சலோடு வீடு போவேன்.

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை இராணுவத்தினர் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஆள்காட்டி ஒருவன் முன்னால் ஆண்களை வரிசையாக நடத்தினார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவரைப் போராளி என்று லொறியில் ஏற்றினார்கள். என்னைக் கண்டு ஆடாத தலை, அக்காவின் மகனைக் கண்டு ஆடியது.

மறுநாளுக்குரிய வேதபாடம் அந்த உவமைதான். அதையே வாசித்தேன். வெளியே வாகனச் சத்தம் கேட்டபோதெல்லாம் நிறுத்தினேன். ஆராதனை முடிய, வாசலில் அக்கா நின்றார்.

"வெட்டுற வரைக்கும் விட்டிருக்கலாமே, ஐயா."