மூன்று தட்டினால் நிறுத்து

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் இயற்பியல் படித்தவள். இதை என்னாலேயே எனக்கு நிரூபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் நடந்தது. பட்டப்பகலில்.

லாரி அண்ணனுடையது. அதை விட்டால் எங்கள் இருவருக்கும் வேறு பிழைப்பு இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய வண்டி. ஓட்டினால் இடப்பக்கமே இழுக்கும். மெக்கானிக் ஒரு வாரமாக முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டு, ஸ்பிரிங் பட்டை, கிங் பின், புஷ் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தார். திங்கட்கிழமை சரக்கு ஏற்றியாக வேண்டும்.

சனிக்கிழமை மதியம், சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளைச் சோதிக்க நினைத்தோம். முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் வண்டி பட்டறை முற்றத்தில் ஸ்டாண்டில் நின்றது. அண்ணன் மேலே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். நான் அடியில் படுத்து, இடது மூட்டில் கை வைத்து ஆட்டம் பார்க்க வேண்டும். என் குரல் மேலே எட்டாது. அதனால் ஸ்பேனரால் சேசிஸ் சட்டத்தில் தட்டுவேன். ஒன்று, இடம். இரண்டு, வலம். மூன்று, நிறுத்து.

“பேச்சாளரே, போய்ப் படுங்க” என்றான் அண்ணன்.

ஊர்ந்து உள்ளே போனேன். கேபின் கதவு சாத்தும் சத்தம். கைக்கடிகாரத்தில் 3:20.

இரண்டு தட்டினேன். சக்கரம் வலப்பக்கம் திரும்பியது. மூட்டில் ஆட்டம் இல்லை.

ஒன்று தட்டினேன். இடப்பக்கம்... மெதுவாக. வழக்கமாக அண்ணன் வெடுக்கென்று திருப்புவான்.

மூன்று தட்டினேன்.

நிற்கவில்லை.

டயர் என் தோளை அழுத்தியது. மறுபடி மூன்று. மறுபடி...

டக்.

நான் தட்டியதல்ல. மேலேயிருந்து.

தலையைத் திருப்பினேன். தூரத்தில், கேட்டுக்குள் நுழையும் இரண்டு கால்கள்.

அண்ணனின் செருப்பு.

“ஸ்பிளிட் பின் வாங்கப் போறேன்னு கத்திட்டுத்தானே போனேன்? தனியா என்ன தட்டிக்கிட்டு இருக்க?”

கேபின் பூட்டியிருந்தது. சாவி அவன் பையில்.

“சக்கரம் தொங்குதுல்ல, தானா திரும்பியிருக்கும்” என்றான். தானாகத் திரும்பும் சக்கரம் தட்டுகளை எண்ணாது.

4:05க்கு மெக்கானிக் வந்தார். கையில் நீளமான ஒரு கம்பி.

“டிராக் லிங்க். சொல்லாம லேத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். இது இல்லாம ஸ்டியரிங்க எவ்வளவு சுத்தினாலும் சக்கரம் அசையாதும்மா.”

அன்றிரவு கெஞ்சினேன். “போகாதண்ணா.”

“நிறுத்திட்டு? ரெண்டு பேரும் காத்தைக் குடிக்கிறதா?”

போனான்.

பன்னிரண்டாம் நாள், வளைவே இல்லாத நேர்ச்சாலையில் வண்டி இடப்பக்கம் இறங்கியது. அண்ணன் பிழைக்கவில்லை.

அவன் சாமான்களை எடுக்க, வண்டியை இழுத்துப் போட்டிருந்த பழைய இரும்புக் கிடங்குக்குப் போனேன். கேபின் அப்பளமாக நொறுங்கியிருந்தது. கிடங்குக்காரர் முன் அச்சில் பொறித்திருந்த எண்களைத் துணியால் துடைத்தார். குனிந்து பார்த்தார்.

“இந்த அச்சு உங்க வண்டியோடது இல்லம்மா. வேற வண்டிலேர்ந்து எடுத்து மாட்டினது. நானே ரெண்டு தடவை வித்திருக்கேன். ரெண்டு தடவையும் இப்படித்தான் திரும்பி வந்துச்சு... வண்டி போயிரும். இதுல ஒரு வளைவுகூட இருக்காது.”

வெட்டிப் போடச் சொன்னேன். சரியென்றார்.

மறுவாரம் போனேன். அச்சு இல்லை.

“நல்ல இரும்பும்மா... ஒருத்தர் கேட்டாரு.”

யார் என்று அவருக்கு நினைவில்லை.