ஓட்டைச்சட்டி பேரைத் திருப்பிக் கேட்டாள்

போன தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் அட்டை எழுத வந்த குமாஸ்தா எங்கள் வாசலில் நின்று, ஜைனபா சன்யாங் யார் என்று மூன்று தடவை கேட்டார். முற்றத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் புருஷன் யங்குபா தேநீரை ஆற்றிக்கொண்டே, அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை, பக்கத்து ஊரில் விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜைனபா சன்யாங் அவருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவருடைய மூத்த தாரம். அவளும் தலையைத் தூக்கவில்லை. நான்தான் கையை நீட்டிக் காட்டினேன்.

யங்குபாவை இதில் குறை சொல்ல மாட்டேன், அவரைக் குறை சொல்ல வேறு எத்தனையோ இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேரை ஊரில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ஓட்டைச்சட்டி. நான் அவளுடைய சக்களத்தி தெனெங். சக்களத்தியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிறவள் பொய்க்காரியாகத்தான் இருப்பாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் நாற்பது நாள் தாண்டவில்லை. அப்புறம் வயிறு திறக்கவே இல்லை. இடுப்பு கொள்ளாத அளவுக்குத் தாயத்து கட்டினாள், வேத வசனம் எழுதிக் கரைத்த தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாள். கடைசியில் கன்யலெங் கூட்டத்தில் சேர்ந்தாள். பிள்ளை தங்காதவர்களும் பிள்ளையே வராதவர்களும் சேர்ந்த கோமாளிக் கூட்டம் அது. ஒரு பெண் எல்லோர் முன்னாலும் கேலிப்பொருளாகிவிட்டால் பேய்களுக்கு அவள் மேல் பொறாமை வராது, கடவுளுக்கும் சிரிப்பு வந்து மனசு இளகும் என்று கணக்கு. சேரும்போது சொந்தப் பேரைப் பிடுங்கிக்கொண்டு கேவலமாக ஒன்றை வைப்பார்கள். பெற்ற பிள்ளை தன் காலால் நடந்து ஊர் இலவமரத்தடிக்கு வருகிற அன்று பழைய பேர் திரும்பக் கிடைக்கும். தலைவி சோனா ஏழு பெற்று என்றைக்கோ வாங்கிவிட்டாள். ஓட்டைச்சட்டிக்கு மட்டும் கிடைக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கூட்டத்திலேயே அவள்தான் கெட்டிக்காரி. நான் இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்குள் வந்த அன்று, சண்டைக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்தேன். மூத்தாள் வாசலில் நின்றாள். யங்குபாவின் கால்சட்டை, தலையில் கவிழ்த்த சுரைக்குடுக்கை, கழுத்தில் சோடா மூடி மாலை. உலக்கை மேல் குதிரை ஏறி வந்து, நான்தான் மாப்பிள்ளை, உள்ளே உட்கார்ந்திருக்கிற கிழவன் எனக்குத் தோழன் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். கல்யாணப்பெண் சிரிக்கக்கூடாது. நான் முக்காட்டைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கால்சட்டையை அதற்கப்புறம் அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

எனக்கு வரிசையாக ஆறு. ஒவ்வொரு பேர்வைப்பிலும் தகர டின்னைத் தட்டி ஆடி, தரையில் கொட்டிய கஞ்சியை நாய் மாதிரி நக்கிக் குடித்து, ஊரைச் சிரிக்க வைத்தவள் அவள். கோமாளிகள் வந்து சிரிக்காத பேர்வைப்பில் குழந்தை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இதில் பெரிய கூத்து, சுகாதார அலுவலகத்துக்காரர்கள் வந்து இந்தக் கூட்டத்தையே வேலைக்கு வைத்தது. எதற்கு? பிள்ளைகளுக்கு இடைவெளி விடுங்கள் என்று ஊர் ஊராகப் பாடுவதற்கு. பிள்ளை வரம் கேட்டு மண்ணைத் தின்கிறவர்களுக்குத் தாயும் சேயும் படம் போட்ட பனியன் கொடுத்தார்கள். ஓட்டைச்சட்டி அதையும் மாட்டிக்கொண்டு, மூன்று வருஷம் இடைவெளி விடச் சொல்கிறார்கள், நான் இருபது வருஷம் விட்டிருக்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது பாருங்கடி என்று பாடினாள். அலுவலகத்து அம்மாளே சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள்.

ஆறாவது பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. இன்னொன்று வந்தால் உன்னை எடுத்துப் புதைக்க வேண்டியதுதான் என்று நர்ஸ் முகத்துக்கு நேரே சொன்னாள். யங்குபாவின் அண்ணனுக்கு எட்டுப் பிள்ளைகள். அதனால் இவருக்கும் எட்டு வேண்டும். நான் அவருக்குத் தெரியாமல் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். ஊசி போடப் போகிற நாளில் என் பங்கு நெல்லையும் ஓட்டைச்சட்டியே குத்தி வைப்பாள். பிள்ளைக்காகச் செத்துப் பிழைத்தவள், வேண்டாம் என்று போகிற எனக்கு ஏன் துணை நின்றாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்கத்தான் வாய் வரவில்லை.

மூன்று வருஷமாக என் வயிறு காலி. யங்குபா என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரம் ஒரு பேர்வைப்பில் ஓட்டைச்சட்டி நேராக அவர் முன்னால் போய் நின்று, "யங்குபா, உன் இளையாள் மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போடுறா. உனக்கு எட்டும் கெடையாது, ஏழும் கெடையாது, போய்ப் படு" என்று டின்னைத் தட்டிப் பாடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் ஊரே சிரித்தது. அவர்தான் எல்லோரையும் விட அதிகம் சிரித்து, அவள் சுரைக்குடுக்கையில் ஐந்து தலாசி போட்டார். கோமாளி வாயிலிருந்து வந்ததை யார் நம்புவார்கள்? அதற்கப்புறம் நாலு வருஷம் நான் நிம்மதியாக ஊசி போட்டுக்கொண்டேன்.

இந்த வருஷம் அவளுடைய அம்மா இறந்துபோனாள். அடக்கத்தன்று மகள்களின் பேரை வரிசையாகச் சொல்லி துஆ கேட்டார்கள். இவள் முறை வந்தபோது, சொன்னவர் பழக்கதோஷத்தில் ஓட்டைச்சட்டி என்றார். வந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். திரும்பி வந்தவள் சமையல்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா பொணத்த வச்சிக்கிட்டுச் சிரிச்சாங்க, தெனெங். எனக்கு இனிமே புள்ள வராது, நின்னுபோச்சு. தேடினது போதும். என் பேரு மட்டும் வேணும்."

எனக்கு அழுகை முட்டியது. அவள் அழவில்லை, வெங்காயத்தை எடுத்து நறுக்கினாள்.

சோனாவிடம் போய்க் கேட்டாள். சோனா சிரித்தாள். மறுபடி கேட்டாள். சிரிக்காம முகத்தை நல்லா வச்சிருக்கே, அடுத்த பேர்வைப்புல இதையே பண்ணு என்று கூட்டமே முதுகில் தட்டிக் கொடுத்தது. யங்குபாவிடம் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து ஒரு குவளை தேநீர் கொடுத்தார். கத்திப் பார்த்தாள், அதற்குக் கைதட்டினார்கள். தலையெழுத்து!

கடைசியில் ஒரு காரியம் செய்தாள். அடுத்த பேர்வைப்புக்குக் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, தலைக்கட்டு கட்டிக்கொண்டு போய், பெண்கள் வரிசையில் மரியாதையாக உட்கார்ந்தாள். தட்டில் வைத்ததைக் கையால் அள்ளிச் சாப்பிட்டாள். குழந்தையைப் பார்த்து, அழகா இருக்கு, நல்லா இருக்கட்டும் என்றாள். அவ்வளவுதான். பெற்றவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள். ஆடு அறுக்கப் போனவர் கத்தியைக் கீழே போட்டார். ஓட்டைச்சட்டி சிரிக்கவில்லையாம், ஏதோ விபரீதம் வரப்போகிறதாம். குழந்தையின் அப்பன் செருப்பில்லாமல் சோனா வீட்டுக்கு ஓடினான்.

அன்று சாயங்காலமே மொத்தக் கூட்டமும் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. பேரைக் கொடுத்துவிடலாம், ஆனால் மரத்தடிக்கு ஒரு பிள்ளை வந்தாக வேண்டுமே என்று சோனா கையைப் பிசைந்தாள். என் கடைக்குட்டியை அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்கலாம் என்றாள் ஒருத்தி. ஆட்டுக்குட்டியும் காலால்தானே நடக்கிறது என்றாள் இன்னொருத்தி. கன்றுக்குட்டி வரைக்கும் போனது பேச்சு.

"இரவலும் வேணாம், ஆடும் வேணாம். முதுகுல புள்ள கட்டாம, வெறும் முதுகோடதான் வருவேன். குடுத்தா குடுங்க. இல்லாட்டி ஒவ்வொரு பேர்வைப்புக்கும் இப்படியே குளிச்சிட்டு வந்து உக்காருவேன்" என்றாள் அவள்.

சோனா பயந்தே போனாள். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் ஜைனபாவாகிவிட்டால் இவள் பேச்சு பேச்சாகிவிடும். அப்படியானால் அந்த ஊசிப் பாட்டு? சொல்ல வெட்கமாக இருக்கிறது, சோனா மனசு மாறிவிடக்கூடாதா என்று ஒரு நாள் முழுக்க வேண்டிக்கொண்டேன். அப்புறம் அடக்க மாட்டாமல் அவளிடமே கேட்டேன். பார்த்துக்கலாம் என்று ஒரே வார்த்தை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இலவமரத்தடியில் ஊரே கூடியது. வெறும் துணியை முதுகில் பிள்ளை கட்டுவதுபோல் இறுக்கி முடிந்துகொண்டு அவள் மரத்தை மூன்று சுற்று வந்தாள். உமியை வாரி இறைத்தார்கள். சோனா ஓட்டைச்சட்டி என்று மூன்று தடவை கூப்பிட்டாள். திரும்பக்கூடாது என்பது விதி, அவள் திரும்பவில்லை. பிறகு சோனா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜைனபா என்று கூப்பிட்டாள்.

அதற்கும் அவள் திரும்பவில்லை.

சோனா மறுபடி கூப்பிட்டாள். மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர அசையவில்லை.

"அக்கா, உன்னத்தான் கூப்பிடுறாங்க" என்று கத்தினேன்.

சட்டென்று திரும்பினாள். "ஆமால்ல" என்றாள். அப்புறம்தான் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து அழுதாள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் யங்குபா இரண்டாம் சுற்றுத் தேநீரை ஊற்றினார். நான் நினைத்தது அப்படியே நடந்தது.

"ஜைனபா, இப்ப நீ ஒழுங்கான பொம்பள. ஒழுங்கா பதில் சொல்லு. அந்த ஊசிப் பாட்டு நெசமா?"

கடலைக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஜைனபா எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் அவருடைய பழைய கால்சட்டை இருந்தது, துவைத்து மடித்திருந்தாள். அவர் மடியில் வைத்தாள்.

"ஊசியாவது ஒண்ணாவது. தெனெங் ஆறு பெத்தவ, அவ மேல கொறையே இல்ல. உங்களுக்குத்தான் வயசாச்சு. எட்டுதான் வேணும்னா கூட்டத்துல சேந்துடுங்க. சோனாகிட்ட பேசிட்டேன், ஆம்பளையையும் சேத்துக்குவாங்களாம். பேருகூட வச்சாச்சு."

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. யங்குபா கால்சட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஓட்டைச்சட்டி சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"ஆறே போதும்" என்றார் மெதுவாக.

சமையல்கட்டுக்கு வந்தவளிடம், பேர் கிடைத்த அன்றைக்கே பொய்யா என்று கேட்டேன்.

"இருபத்திரெண்டு வருஷம் நெசத்தையே பாடினேன். ஒருத்தராவது நம்பினாங்களா?" என்று கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அடி பிடிக்குது பாரு. திங்கக்கிழமை உனக்கு ஊசி, மறந்துடாத."