யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

சென்ற சனிக்கிழமை பதினொரு பிள்ளைகள் பதினொரு கதவுகளைக் கமெராவில் பிடித்து வந்தார்கள். டொரொண்டோ நூலகமொன்றில், தம் வாழ்க்கைக் கதையைத் தாமே எழுதி, சொந்தக் குரலில் வாசித்து, படங்களோடு கணினியில் கோக்க அவர்களுக்குக் கற்றுத்தருகிறேன். முதல் வீட்டுப்பாடம், வீட்டுக் கதவைப் படம் எடுத்து வருவது. "யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?" என்றேன். கேள்வியே விளங்காமல் விழித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் இதே பாடத்தைப் இலங்கையில், பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நடத்தினேன். யாரோ அன்பளித்த ஒரு கணினி, ஒரு கமெரா. வீட்டை எடுத்து வாருங்கள் என்றால் ஆளுக்கு ஆள் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாப் பூந்தோட்டத்தை எடுத்து வந்தார்கள். பத்தாம் வகுப்புச் சுமதி மட்டும் ஒன்றுமே எடுக்கவில்லை.

"எங்க லயத்த எடுக்க தொரகிட்ட கேக்கணுமா டீச்சர்?"

"நீ இருக்கிற வீடுதானே?"

"இருக்கிறோம் டீச்சர். ஆனா தோட்டத்து வீடுங்களே."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்து வளர்ந்த நானே ஒருநாளும் இதை யோசித்ததில்லையே என்று. சுமதி எழுதியிருந்தது முழுக்க லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறையைப் பற்றி. அவளுடைய அம்மா பிறந்ததும் அங்கேதான், அவள் பிறந்ததும் அங்கேதான். அந்தப் படம் இல்லாமல் கதையை முடிக்க விடுவதில்லை என்று அன்று மாலையே அவளோடு போனேன். கமெராவைத் தூக்கியதும் தோட்ட அலுவலகக் கிளாக்கர் வந்து நின்றார். பெர்மிஷன் இல்லாமல் தோட்டத்துக் கட்டடத்தை எடுக்கக் கூடாதாம். நான் வாயைத் திறக்குமுன், சுமதியின் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கதவுநிலையில் போய் நின்றார்.

"வீடு தோட்டத்துதுதாங்க ஐயா. நிக்கிறது நானு. என்னைய எடுக்கட்டும்."

கிளாக்கர் 'சரி, சரி' என்பதைச் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினார். கமெராவைச் சுமதியிடமே கொடுத்தேன். அவள் கதையின் முதல் படம் அதுதான்.

இந்த வாரம், மாதிரிக்கு என் கதவை நானும் காட்ட வேண்டும். நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மன்ட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு. படம் எடுக்கப் போனவள், என்னையறியாமல் முன்வாசலுக்குச் சென்று வீட்டுக்காரரின் மணியை அழுத்திவிட்டேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளின் லட்சணம் இது. "கதவைப் படம் எடுக்கலாமா?" என்றேன். அந்த இத்தாலியப் பெரியவர், கதவு பழுதாகிவிட்டதென்று நான் முறையிட வந்ததாக நினைத்து, ஸ்குரூடிரைவரோடு வந்து பிணைச்சலை ஆட்டிப் பார்த்தார்.

"நன்றாகத்தானே இருக்கிறது?"

"நன்றாகத்தான் இருக்கிறது. கதவு உங்களுடையதுதான்" என்று கமெராவை அவர் கையில் வைத்தேன். பிறகு கதவுநிலையில் போய் நின்றேன்.

"என்னை எடுங்கள்."